வீட்டுக் கணினியில் லினக்ஸ்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பகலில் கணினி வகுப்பு எடுக்கிறேன், மாலையில் பழுது பார்க்கிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுப்பட்டில் பல வீடுகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். போனில் அரைகுறையாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நிதானமாகப் படிக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

லினக்ஸ் லினக்ஸ்னு சொல்றீங்களே, அது என்னண்ணே? விண்டோஸுக்குள்ள போடுற சாப்ட்வேரா?

இல்லை. விண்டோஸ் இருக்கும் இடத்தில் அதற்குப் பதிலாக உட்காருவது. சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து கீபோர்டு, திரை, டிஸ்க் எல்லாவற்றையும் வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். லினக்ஸ் அந்த வகை. 1991ல் பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அதன் மையப் பகுதியான கர்னல். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் அதோடு சேர்ந்துதான் முழு இயங்குதளம் ஆனது.

புதிதாக ஏதோ வருகிறது என்று பயப்பட வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் ஓடுவது இதுவே.

இலவசம்ங்கிறீங்க. இந்தக் காலத்துல யாரு சும்மா கொடுப்பா? எங்கயாவது பிடிப்பாங்கல்ல?

வியாபாரம் பார்த்த ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். லினக்ஸின் மூல நிரல் எல்லோர் கண் முன்னாலும் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. பணம் வருவது வேறு வழியில். பெரிய நிறுவனங்களுக்குப் பராமரிப்புச் சேவை கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். ரெட் ஹேட் என்ற நிறுவனம் அப்படியே வளர்ந்தது. 2019ல் ஐபிஎம் அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. நான் பெரும்பாலும் போட்டுக் கொடுக்கும் லினக்ஸ் மின்ட் என்ற வகை நன்கொடையிலும் ஆதரவாளர் தரும் பணத்திலும் நடக்கிறது.

பயன்படுத்தி மனம் நிறைந்தால் நீங்களும் நூறோ இருநூறோ அனுப்பலாம். கட்டாயம் இல்லை.

என் லேப்டாப்ல விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லிட்டாங்க. தூக்கிப் போட வேண்டியதுதானா?

தூக்கிப் போடாதீர்கள். இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதி வைத்திருக்கிறது. அதனால் 2015, 2016ல் ஆசையாக வாங்கிய நல்ல இயந்திரங்களெல்லாம் வரிசைக்கு வெளியே நின்றுவிட்டன. அவற்றில் திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, பழுது என்று ஒன்றுமே இல்லை.

லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் இருந்தால் போதும். தடங்கல் இல்லாமல் ஓட 4 ஜிபி ராம் நல்லது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான டிஸ்க்கை மாட்டுங்கள். என் அனுபவத்தில் செலவழிக்கும் காசுக்கு இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறு இல்லை. போன மாதம் ஒரு ஐந்தாம் தலைமுறை மடிக்கணினி வந்தது. சுவிட்சைப் போட்டால் திரை வருவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம் என்ற நிலை. எஸ்எஸ்டி மாட்டி மின்ட் போட்டதும் அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. கொண்டுவந்தவர் மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

ஸ்கூல்ல அரசு கொடுத்த லேப்டாப் பரண்ல கிடக்கு. அதுக்கும் இது ஏறுமா?

ஏறும், ஆனால் அளவாக எதிர்பார்க்க வேண்டும். 2011ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் ராம் குறைவு. விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் அதில் சேர்ந்தே இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. பல வீடுகளில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. லினக்ஸ் தங்களுக்குப் புதிது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கையில் பத்து வருடத்துக்கு முன்பே அது இருந்திருக்கிறது.

இதற்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பு சரியாக வரும். இன்னொரு ராம் துண்டு போட முடிந்தால் போட்டுவிடுங்கள். டைப் அடிக்க, பாடம் படிக்க, யூடியூப் பார்க்கத் தாராளமாகப் போதும். பிரவுசரில் இருபது பக்கம் திறந்து வைத்தால் திணறும். அப்புறம், பரணிலிருந்து இறக்கியதும் சார்ஜரை மாட்டாதீர்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். கடையில் கொடுத்துக் கழற்றுங்கள்.

உபுண்டுங்கிறான் ஒருத்தன், மின்ட்ங்கிறான் இன்னொருத்தன், ஃபெடோரா, டெபியன்... எதைப் போடுறது?

ஒரே கர்னலைச் சுற்றி வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு விதமாகக் கட்டிக் கொடுப்பவை இவை. மாவு ஒன்று, பலகாரம் வேறு. டெபியன் 1993லிருந்து இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து 2004ல் உபுண்டு வந்தது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து 2006ல் மின்ட் வந்தது.

விண்டோஸ் பழகியவர்களுக்கு நான் மின்ட்டைத்தான் சொல்வேன். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று கண்ணுக்குப் பழகிய இடத்தில் எல்லாம் இருக்கும். மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். வேறு எதைப் போட்டாலும் தப்பில்லை. முதல் ஆறு மாதம் ஒன்றிலேயே இருங்கள், அதுதான் முக்கியம். வாரம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தவர்கள் யாரும் எதையும் கற்றுக்கொண்டதாக நான் பார்க்கவில்லை.

போடாமலே ஓட்டிப் பார்க்க முடியுமா? பிடிக்குமான்னு தெரியலையே.

முடியும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மின்ட்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற கருவியால் பென்டிரைவில் எழுத வேண்டும். அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், காலியானதாக எடுத்துக்கொள்ளுங்கள். கணினியை அணைத்துப் போடும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் இவற்றில் உங்கள் மாடலுக்கு எதுவோ அதைத் தட்டினால், எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

அப்போது லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடும், உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று நான்கையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். கொஞ்சம் மெதுவாக இருக்கும். அது பென்டிரைவின் வேகம், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

போட்டோ எல்லாம் போயிடுமா?

வேறு ஒரு டிஸ்க்கில் பிரதி இல்லை என்றால் போகக்கூடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரதி எடுத்து, அந்தப் பிரதியை இன்னொரு கணினியில் திறந்தும் பார்த்த பிறகுதான் நான் வேலையைத் தொடங்குவேன். ஒரு முறை, ‘எல்லாம் எடுத்தாச்சு’ என்று சொன்னதை நம்பி டிஸ்க்கைத் துடைத்தேன். அவர் எடுத்திருந்தது டெஸ்க்டாப்பில் இருந்த குறுக்குவழிகளை மட்டும். மகள் சடங்குப் படங்கள் போயின. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அந்த மாலை எனக்கு மறக்காது. அதிலிருந்து திறந்து பார்க்காமல் கை வைப்பதில்லை.

விண்டோஸும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். ரெண்டையும் வைக்கலாமா?

வைக்கலாம். கணினியைப் போடும்போது எது வேண்டும் என்று கேட்கும். அதற்கு முன் விண்டோஸில் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். இது இல்லாமல் பிரச்சினையில் மாட்டினால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. இரண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கைப் படிக்கலாம், எழுத முடியாமல் போகும்.

இடம் பிரிப்பதை விண்டோஸிலேயே செய்துவிட்டு வருவது பத்திரம். டிஸ்க் சிறியது என்றால் இரண்டையும் திணிக்காதீர்கள், இரண்டுக்கும் மூச்சு முட்டும்.

ரெண்டும் போட்டதிலேர்ந்து விண்டோஸ்ல கடிகாரம் அஞ்சரை மணி நேரம் தப்பாக் காட்டுது. பேட்டரி போச்சா?

பேட்டரி போகவில்லை. அந்த ஐந்தரை மணி என்பதிலேயே விடை இருக்கிறது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைப்பது லினக்ஸின் வழக்கம், உள்ளூர் நேரத்தை வைப்பது விண்டோஸின் வழக்கம். இந்திய நேரம் பொது நேரத்தை விட ஐந்தரை மணி முன்னால். லினக்ஸ் காலை 4.30 என்று எழுதி வைத்ததை விண்டோஸ் அப்படியே நம்பிவிடுகிறது, இங்கே மணி பத்து. லினக்ஸையும் உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லி டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஒரு வரி அடித்தால் தீர்ந்தது. வந்தால் போட்டுத் தருகிறேன்.

வைஃபையே வரலண்ணே. லினக்ஸ் சரியில்ல.

இரண்டு காரணம் உண்டு. சில பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு, அவற்றை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவரே வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் வசதியைப் போடுங்கள். லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்ளும். பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும்.

இரண்டாவது காரணம் நம்ம ஊர் வீடுகள். ரூட்டர் முகப்பில் இருக்கும், கணினி இரண்டாம் கட்டில் இருக்கும். நடுவே வளவு, பட்டாலை, ஒன்றரை முழச் சுண்ணாம்புச் சுவர்கள். எந்த இயங்குதளம் போட்டாலும் அந்தச் சுவரைத் தாண்டி சிக்னல் வராது. அதே இடத்தில் போனில் வைஃபை எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். அங்கும் இல்லை என்றால் ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுவதுதான் வழி. அந்த நிலைக்கதவுகளிலும் சுவரிலும் துளை போடாமல் உத்தரத்தை ஒட்டியே கொண்டுபோகலாம்.

தமிழ்ல எப்படி அடிக்கிறது? நான் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவ.

அப்படியென்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. மென்பொருள் மேலாளரில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சுக் கருவிகளையும் தேடி நிறுவுங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்99, தட்டச்சுமுறை, ஒலிமுறை, இன்ஸ்கிரிப்ட் என்று பட்டியல் வரும். தட்டச்சுமுறையைச் சேர்த்துக்கொண்டால் விரல்கள் பழகிய இடத்திலேயே போய் நிற்கும். விண்டோஸில் ஒலிமுறையில் அடித்தவர்கள் ஒலிமுறையைச் சேர்க்கலாம்.

புதிதாகப் பழகுபவர்களுக்குத் தமிழ்99ஐத்தான் சொல்வேன். உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. முதல் ம மேல் புள்ளியை அதுவே வைத்துவிடும். கீபோர்டு அமைப்பில் ‘தமிழ்நெட் 99’ என்று இன்னொன்றும் நேரடியாகத் தெரியும். அதைச் சேர்த்துவிட்டு, புள்ளி தானாக விழவில்லையே என்று வருகிறவர்கள் அதிகம். அது எழுத்தை மட்டும் இடம் மாற்றித் தருகிறது. புள்ளி வைக்கும் அறிவு ஐபஸ் வழியாக வருவதற்கே உண்டு.

பாமினி, டாப், டாம் என்று பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து எடுத்து இங்கே நிறுவினால் முன்போலப் படிக்கலாம். ஆனால் தேடவோ அனுப்பவோ வேண்டுமென்றால் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. இன்னும் பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர் உங்கள் பேரப்பிள்ளையாக இருக்கலாம்.

வேர்டு, எக்செல் இல்லாம எப்படி?

லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். கடிதம், விண்ணப்பம், பட்டியல், கூட்டல் கழித்தல் எல்லாம் நடக்கும், வேர்டு கோப்பையும் திறக்கும். பக்கம் கொஞ்சம் நகர்ந்து நிற்பதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்குப் பதில் கலேடியா என்று அதே அகலத்தில் இலவச எழுத்துருக்கள் உண்டு. வெளியே அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அலுவலகத்தில் மேக்ரோ எழுதிய எக்செல் கோப்பு வைத்திருந்தால் அது முழுதாக ஓடும் என்று நான் உறுதி தர மாட்டேன்.

எங்க கடைக் கணக்கெல்லாம் டேலில இருக்கு. மாறலாமா?

கடைக் கணினியில் மாற வேண்டாம். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் என்ற வழி இருக்கிறது. ஆனால் நாள் கணக்கு, ஜிஎஸ்டி என்று பிழைப்பே நடக்கும் ஒன்றை ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் ஆடிட்டர்களுக்கும் இதையே சொல்கிறேன். அதற்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸை மனத்தில் வைத்தே செய்யப்படுகிறது. விண்டோஸ் ஒரு கணினியில் இருக்கட்டும், வீட்டுக் கணினியில் லினக்ஸ் இருக்கட்டும். வங்கி, வருமான வரி இணையதளம் போன்றவை பிரவுசரிலேயே நடப்பதால் அவற்றுக்கு இங்கே தடை இல்லை.

வீட்டுக் கணக்குக்கு குனுகேஷ் என்ற ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று எழுதும் இரட்டைப் பதிவு முறை. பேரேடும் ஐந்தொகையும் எழுதிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருக்காது. கொத்தமங்கலத்தில் ஒரு ஐயாவுக்கு இதைக் காட்டினேன். ஜிஎஸ்டி வராதா என்று மகன் கேட்டார், அதற்கு இது ஆகாது என்றேன். ஐயா காதில் அது விழவில்லை. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் நேர் நிற்பதைப் பார்த்துவிட்டு, ‘சிட்டையைத் திரையில் ஏத்திட்டாங்களா’ என்று கண்ணாடியைத் துடைத்து மறுபடி உட்கார்ந்தார். இப்போது வீட்டு வாடகை, கோயில் வரி, வேலையாள் சம்பளம் எல்லாம் அதில்தான் எழுதுகிறார்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை வச்சிருக்கேன். கோரல்டிரா, போட்டோஷாப், பேஜ்மேக்கர் ஓடுமா?

மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் என்று மூன்று மாற்று இருக்கிறது. தமிழ் யூனிகோடை நன்றாகவே காட்டும். ஆனால் உங்களிடம் இருபது வருடப் பத்திரிகை மாதிரிகள் பழைய வடிவத்தில் இருக்கும். முகூர்த்த மாதத்தில் வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது புதிதாகப் பழக முடியாது. ஆடி மாதத்தில் ஒரு கணினியில் மட்டும் போட்டுப் பழகிப் பாருங்கள்.

பிரிண்டர்?

ஹெச்பிக்கு ஹெச்பிலிப் என்ற மென்பொருள் அந்த நிறுவனமே தருகிறது, பெரும்பாலானவை மாட்டியதும் அடிக்கும். போனிலிருந்து நேராக அடிக்கக்கூடிய புதிய வைஃபை பிரிண்டர்களும் டிரைவர் கேட்காமல் அடிக்கும். பழைய சிறு லேசர் பிரிண்டர்களில் சில பிடிவாதம் பிடிக்கும். ஒன்றோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியும் முடியாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் மேலே பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கும்போதே பிரிண்டரையும் பார்க்கச் சொன்னேன்.

வைரஸே வராதாமே, நெசமா?

வரவே வராது என்பது பொய். வீட்டு லினக்ஸ் கணினிகளைக் குறிவைத்து எழுதப்படுபவை குறைவு, மென்பொருளை நம்பகமான களஞ்சியத்திலிருந்தே இறக்குகிறோம், பொதுவாகக் கடவுச்சொல் கேட்காமல் எதுவும் உள்ளே நிறுவப்படாது. இந்த மூன்றும் சேர்ந்து காப்பாற்றுகின்றன. ஆனால் ஓடிபியை நீங்களே போனில் சொன்னால் எந்த இயங்குதளமும் தடுக்காது.

இதில் ஒரு உதவி உண்டு. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போய், உள்ளே ஒன்றும் இல்லை என்று அழுதுகொண்டு வரும் மாணவர்கள் உண்டு. அந்த வைரஸ் கோப்புகளை மறைத்துத்தான் வைக்கிறது. லினக்ஸில் மாட்டினால் மறைத்ததும் தெரியும். ஆய்வேட்டை முடித்துக் கொடுக்க ஒரு நாள் இருந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்தியின் பென்டிரைவை இப்படித் திறந்தேன். ஐந்து அத்தியாயமும் அப்படியே இருந்தன. அவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்து, பென்டிரைவைத் துடைத்துக் கொடுத்தேன்.

கறுப்புத் திரையில இங்கிலீஷ்ல டைப் அடிச்சாத்தான் வேலை செய்யுமாமே?

அன்றாட வேலைக்கு வேண்டாம். மெனு, சொடுக்கு, ஜன்னல் எல்லாம் உண்டு. டெர்மினல் என்ற அந்தக் கறுப்புத் திரை இருப்பது உதவி கேட்பவர்களுக்கும் சொல்பவர்களுக்கும் வசதி. ‘மேலே மூன்றாவது பொத்தானைச் சொடுக்கு, அங்கே ஒரு சக்கரம் தெரிகிறதா’ என்று போனில் கால் மணி நேரம் சொல்வதற்குப் பதில் ஒரு வரியை அனுப்பி ஒட்டச் சொன்னால் முடிந்துவிடும். புரியாத வரியை, யார் அனுப்பினாலும், என்ன செய்யும் என்று கேட்காமல் ஒட்டாதீர்கள்.

ஆத்தா தனியா ஊர்ல இருக்காங்க, எழுபது தாண்டியாச்சு. நாங்க வெளிநாட்டுல. அவங்களுக்குப் போட்டுக் கொடுக்கலாமா?

தாராளமாக. வயதானவர்களுக்கு இது பொருந்துவது போல இளையவர்களுக்குக்கூடப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். அவர்களிடம் விடுவதற்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போனேன். இருந்த விண்டோஸில் காலாவதியான ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள், ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது’ என்று சிவப்பில் அடிக்கடி எழுந்துகொண்டிருந்தது. பயந்துபோய் நான்கு மாதமாகத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். மின்ட் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, திரையில் நான்கே படங்கள் வைத்தேன்: மகனோடு பேச, படங்கள், கோயில் பாட்டு, அணைக்க. நான்கின் பெயரையும் தமிழிலேயே எழுதினேன். மௌஸ் பழகச் சீட்டு விளையாட்டைத் திறந்து கொடுத்தேன். முதல் அரை மணி மௌஸைக் கையில் தூக்கித் தூக்கி வைத்தார்கள், பிறகு கை இறங்கிவிட்டது. ‘தம்பி, இது எதையாவது வாங்கச் சொல்லிக் கேக்குமா?’ என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். கேட்காது ஆச்சி என்றேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. தொலைவிலிருந்து திரையைப் பார்த்து உதவும் ரஸ்ட்டெஸ்க் போன்ற ஒன்றைப் போட்டு, அதன் கடவுச்சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பக்கத்தில் யாராவது ஒருவர் தினம் பத்து நிமிடம் போய் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் பலன் தராது.

சாமான் வீட்டுல ஐயா காலத்துப் போட்டோ, பர்மாவிலேர்ந்து வந்த கடுதாசி, கணக்குப் புத்தகம் எல்லாம் இருக்கு. இதை வச்சு ஏதாவது செய்ய முடியுமா?

இதைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. பழைய மடிக்கணினிக்கு இதை விட நல்ல வேலை கிடையாது. ஸ்கேனரை மாட்டினால் ஆவண ஸ்கேனர் என்ற எளிய நிரல் போதும். கறை, கிழிசலைக் கிம்ப்பில் சரி செய்யலாம். அச்சடித்த தமிழை எழுத்தாக மாற்ற டெசராக்ட் இருக்கிறது, தமிழ் தெரியும் அதற்கு. கையெழுத்தை அது படிக்காது. கடிதங்களை நீங்களே உட்கார்ந்து படித்து அடிக்க வேண்டும். வீட்டில் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கணக்குப் புத்தகங்களில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணும், அரைக்கால், மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளும் வரும். பின்னக் குறிகள் 2019ல் வந்த யூனிகோடு 12ல்தான் சேர்ந்தன. நோட்டோ எழுத்துருக்களில் தமிழ் சப்ளிமென்ட் என்பதை நிறுவினால் அவை திரையில் தெரியும். வம்சாவளிக்கு கிராம்ப்ஸ் என்ற நிரல் உண்டு. ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுத இடம் இருப்பதால், நகரத்தார் வீடென்றால் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்பதையும் சேர்க்கலாம். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில் என்று எழுதி வைத்துவிட்டால் அடுத்த திருமணப் பேச்சின்போது ஆளாளுக்குப் போன் போட வேண்டியதில்லை.

பையன் கேம் விளையாடணும்கிறான்.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக 2018ல் வந்த புரோட்டான் என்ற வசதியால் பல விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுகின்றன. வேலரன்ட் என்ற விளையாட்டு ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு நிரல் லினக்ஸை ஏற்பதில்லை. படிப்புக்கு என்றால் பைத்தான், சி, ஜாவா எல்லாம் இங்கேதான் எளிதாக அமையும்.

அப்டேட் போட்டேன், மறுநாள் திரையே வரல. இதுக்குத்தான் வேணாம்னேன்!

கோபம் நியாயம்தான். அபூர்வமாக நடக்கும். அதற்காகவே மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. அப்டேட்டுக்கு முந்தைய நிலையைப் படம் பிடித்து வைத்து, கெட்டுப்போனால் அங்கே கொண்டுபோய் நிறுத்தும். நிறுவிய அன்றே அதை ஓடவிடுங்கள். அது காப்பது இயங்குதளத்தை மட்டும், உங்கள் கோப்புகளுக்குத் தனிப் பிரதி வேண்டும். திரை வரவில்லை என்றால் எழும்போது வரும் பட்டியலில் பழைய கர்னல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பல முறை அதிலேயே வந்துவிடும்.

எல்லாம் சரிண்ணே. பிடிக்கலைன்னா பழையபடி விண்டோஸுக்குத் திரும்பிடலாமா?

திரும்பலாம். உங்கள் விண்டோஸ் 10 அல்லது 11 முறையாக வாங்கியது என்றால் அதன் உரிமம் அந்தக் கணினியோடு ஒட்டியே பதிவாகியிருக்கும். மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்ததும் பெரும்பாலும் தானே செயல்படும். ஆனால் மாதம் ஒன்றாவது கொடுத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் என்னிடம் திரும்பி வந்தவர்களில் பலருக்குப் பிடிக்காமல் போனது ஏதாவது ஒரு சின்ன விஷயம்தான்: எழுத்து சிறிதாக இருந்தது, பிரிண்டர் அடிக்கவில்லை, தமிழ் வரவில்லை. என்ன பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி, கணினியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.